எண் இல்லாத கீர்த்தனை

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்துக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த எங்கள் சபையில் நான் வயலின் வாசித்தேன். வாசித்தேன் என்பது என் கூற்று. பாடகர் குழுவில் மற்றவர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள். ஆலயத்துக்குள் சினிமா மெட்டைக் கொண்டுவருபவருக்குக் குழுவில் இடமில்லை என்று சபைச் செயலாளர் அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

திருவிருந்து ஞாயிறுகளில் பாட்டு முடிந்தாலும், அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிறவர்களின் வரிசை முடியாது. கடைசி ஆள் மண்டியிட்டு எழும்வரை வார்த்தையில்லாமல், மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு ஞாயிறு, ஆடிக் காற்று. நிறக் கண்ணாடி வழியே வந்த வெயில் தரையில் கிடந்தது. கஞ்சி போட்ட சேலைகளும் செருப்பில்லாத கால்களும் அதைக் கடந்தன. ஒவ்வொருவராக நீலமாகி, சிவப்பாகி, மறுபடி எங்கள் சபையாரானார்கள்.

கீர்த்தனை மூன்று சுற்று வந்தது. நான்காவது சுற்றில் நான் அங்கே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது என் வில் ஒரு பழைய சினிமாக் காதல் பாட்டின் சரணத்தில் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினால் தெரிந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கி, பக்தியை இரட்டிப்பாக்கி முடித்துவைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் நேராக என்னிடம் வந்தார். மனைவியை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகப்போகிறவர். கையில் பாட்டுப் புத்தகம்.

"ஏனுங்க, கடைசியா வாசிச்சீங்களே, அது எத்தனாவது கீர்த்தனைங்க? வியாழக்கெழம ஊட்ல அவ நெனவு ஜெபம். அதையே வாசிக்கோணும்."

முந்நூறுக்கு மேல் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் யாரும் புரட்டுவதில்லை. ஆனால் திராட்சை ரசத்தின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

"புஸ்தகத்துல இல்லீங்க. சினிமாப் பாட்டுங்க அது. கை தப்பிப் போயிருச்சு. அடுத்த வாரத்துல இருந்து நான் கீழ பெஞ்சுல உக்காந்துக்கறனுங்க."

அவர் புத்தகத்தை மூடினார். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்து பாடலீங்களே?"

"இல்லீங்க. நான் பாடுனா சபை தாங்காதுங்க."

"வாசிச்சாலே தாங்கறதில்லீங்க. வியாழக்கெழம அஞ்சு மணிக்கு வந்துருங்க. வாசிங்க. பாடிப்போடாதீங்க."

வியாழக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் நிறைய ஆட்கள். போதகர் ஜெபித்து முடித்து, "தியானிப்போம்" என்றார். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். நான் அதே பாட்டை எடுத்தேன். சாயங்கால வெயிலில் தூசி மிதந்தது. பல்லவி வரை ஒருவரும் அசையவில்லை. சரணம் வந்ததும் மூடிய கண்களுக்குக் கீழே உதடுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் அசைந்தன. போதகர் வீட்டம்மாவின் உதடுகளும். செயலாளர் மட்டும் எனக்கு ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

வில்லைக் கொஞ்சம் விரைவாக்கி அவரோடு சேர்ந்துகொண்டேன்.