காபி மட்டும்தான் என்றோம்

என் மகன் கால் எலும்பு முறிந்து தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்த அன்று, பணியிலிருந்த மருத்துவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டார். சர்க்கரை உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, இதற்கு முன் அறுவை சிகிச்சை ஏதும் நடந்திருக்கிறதா. கடைசியாக, "பழக்கம் ஏதாவது?" என்றார். எங்கள் பக்கத்தில் குடி என்ற சொல்லைச் சொல்லாமலேதான் கேட்பார்கள். பதிலும் அதைத் தொடாமலே வரும்.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தோம். நான், என் கணவர், எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். நிச்சயம் முடிந்திருந்தது, தையில் கல்யாணம். விபத்துச் செய்தி கேட்டதும் தாராசுரத்திலிருந்து முதல் ஆளாக ஓடி வந்தவர் அவர்தான்.

"காபிதான் டாக்டர்," என்றார் என் கணவர். "அது இல்லைன்னா இவனுக்கு விடியாது."

சம்பந்தி சிரித்தார். மருத்துவரும் சிரித்தபடியே எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன். மகன் மட்டும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிப்ளமோ முடித்த கையோடு சிங்கப்பூருக்குப் போனவன் அவன். கட்டட வேலையில் மேற்பார்வையாளர். எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். வலங்கைமான் பள்ளியில் நான் பாடம் நடத்திய பையன்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்த பிறகுதான் என்னிடம் சான்றிதழ் கேட்டு வருவார்கள். முதல் விடுமுறைக்கு மகன் வந்தபோது விமான நிலையத்தில் வாங்கிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து சித்தப்பாவிடமும் மாமாவிடமும் கொடுத்தான். அதை நடு வீட்டில் வைத்து அட்டைப்பெட்டியின் எழுத்துகளைப் படித்துப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இந்த முறை கல்யாணத்துக்காக நீண்ட விடுப்பில் வந்திருந்தான். பல் விளக்குவதற்கு முன்பே துண்டை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போவான். திரும்பி வரும்போது வாயில் பாக்கு இருக்கும். போகும்போது நடுங்குகிற கை, வரும்போது நிதானமாக இருக்கும். நான் ஆசிரியை, பிள்ளைகளின் முகம் பார்த்தே பொய் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பாட்டில்களை ஒருநாள் சாக்கில் கட்டி நானே அப்புறப்படுத்தினேன். கணவரிடம் சொன்னேன். "கல்யாணம் ஆனா சரியாயிடும்," என்றார். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

குறுவை அறுவடை நேரம். ஆற்றங்கரைச் சாலை நெடுக வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். அன்று காலையில் அவன் ஓட்டிப்போன வண்டி அதில் வழுக்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வைக்கோலைத்தான் திட்டினார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் வீக்கம் வடிய வேண்டும் என்று காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கட்டிலுக்கு அடியில் நிறைந்தன. சம்பந்தி மறுநாளும் காலை முதல் பேருந்தில் வந்துவிட்டார். தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "மாப்ள, கால் ஒடைஞ்சாலும் நீங்க தப்பிக்க முடியாது, தாலியக் கட்டிட்டுத்தான் கப்பல் ஏறணும்," என்றார். அவருடைய பிரியம் உண்மையானது. அதனாலேயே அவர் இருக்கும்போது எங்களால் எதையும் பேச முடியவில்லை.

அன்றே மகனுக்கு வியர்த்தது. விரல்கள் நடுங்கின. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீர் சிந்தியது. வலி என்றார் கணவர். நானும் செவிலியரிடம் வலி என்றே சொன்னேன். அதற்கடுத்த நாள் விடிந்ததும் அவன் எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்தான்.

"அம்மா, வாய்க்கா ஒடைஞ்சிடுச்சு. தண்ணி ஏறுது பாரு."

"எங்கப்பா?"

"இங்கதான். மம்பட்டி எங்க? மண்ணு வெட்டிப் போட்டாத்தான் நிக்கும். எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க."

போர்வையை வாரி வாரி மண் அடைப்பதுபோலத் தரையில் போட்டான். எடை கட்டிய காலோடு இறங்கப் பார்த்தான். சம்பந்தி அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். பொட்டலத்தை எறிந்துவிட்டு ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தார். "ஊசி ஒத்துக்கல போலிருக்கு," என்று கணவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொது மருத்துவர் ஓர் இளம் பெண். கையில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. எங்களை வராந்தாவுக்கு அழைக்க அவருக்கு நேரமில்லை. கட்டில் பக்கத்திலேயே நின்று கேட்டார்.

"நேரா கேக்குறேன்மா. தம்பி குடிப்பாரா?"

"விசேஷம்னா எப்பவாவது ஒரு பீர்," என்றார் கணவர்.

"ரத்தத்தைப் பாத்தா அப்படித் தெரியலைங்க. சிவப்பணுவெல்லாம் இருக்கவேண்டியதைவிடப் பெருசா இருக்கு. ஜி.ஜி.டி.ன்னு ஈரல்ல ஒண்ணு பாப்போம், அதுவும் பல மடங்கு ஏறியிருக்கு. இதை மட்டும் வச்சுக் குடின்னு நான் சொல்லிட முடியாது, வேற காரணமும் இருக்கலாம். தலையில அடிபட்டிருந்தாலும் இப்படிப் பேசுவாங்க. அதனாலதான் உங்களைக் கேக்குறேன். தினமும் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினாலும் இப்படி ஆகும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. எது என்னன்னு தெரிஞ்சா உடனே வைத்தியம் ஆரம்பிக்கலாம்."

கணவர் என்னைப் பார்த்தார். சம்பந்தி மகனின் தோளைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். மகன் தரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தினமும்," என்றேன். "காலைல எழுந்ததும் குடிப்பான். விழுந்த அன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் போனான்."

"எவ்வளவு நாளா?"

"அங்க போனதுலேர்ந்துன்னு நினைக்கிறேன். எனக்கு இந்தத் தடவைதான் தெரியும்."

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "சேக்கும்போதே சொல்லியிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செவிலியரை அழைத்தார். முதலில் வைட்டமின் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் ஏற்றலாம் என்றார். நரம்பை அமர்த்துகிற மருந்தை நாடி பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்து அடி இல்லை என்று உறுதி செய்தார்கள். சத்தமில்லாத, வெளிச்சமுள்ள ஓர் அறைக்கு மாற்றினார்கள். தெரிந்த முகம் ஒன்று எப்போதும் கண்ணில் பட வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எந்த இடம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

மருந்து வேலை செய்வதற்குள் ஒரு வலிப்பு வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியமில்லை. உடைந்த கால் அந்த எடையோடு உதறியதை மட்டும் சொல்கிறேன். அதனால் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று. எலும்பு கோணலாகி, பிறகு இரண்டு முறை திறக்க வேண்டியிருந்தது.

அன்று முழுக்க அவன் பக்கத்தில் இருந்தது சம்பந்திதான். "மாப்ள, இது ஆஸ்பத்திரி. வாய்க்கால அடைச்சாச்சு. தண்ணி வடிஞ்சிடுச்சு," என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று அழுதுகொண்டிருந்தேன். மாலையில் அவன் தூங்கிய பிறகு அவர் சட்டையை உதறிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

"பஸ் நிக்கிற எடத்துலேயே வாடை தெரிஞ்சுதுங்க, நிச்சயத்தன்னைக்கு," என்றார் என் கணவரிடம். "சிங்கப்பூர் பையன், ஏதோ கொஞ்சம்னு நெனச்சேன். அதை ஒரு குத்தமா நான் எடுக்கல. எங்க வீட்டுலயும் குடிச்சவங்க உண்டு."

"சம்பந்தி, கொஞ்சம்..."

"இருங்க. டாக்டரு கேக்குறாரு, புள்ள கெடக்குறான். நான் பக்கத்துல நிக்கிறேங்கிறதுக்காகக் காபின்னு சொல்றீங்க. நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னாலும் நாலு பேரு நின்னா நீங்க இப்படித்தான் சொல்வீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னீங்கம்மா. ஆனா ரெண்டு நாள் கழிச்சு," என்றார்.

அவர் குரலில் கோபமில்லை. மறுநாளும் பழம் வாங்கிக்கொண்டு வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. நிச்சயப் புடவையை ஒரு உறவினர் மூலம் திருப்பி அனுப்பினார்கள்.

மகன் பிழைத்தான். சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறான். சிங்கப்பூர் வேலை போயிற்று. கும்பகோணத்தில் ஒரு சிமெண்ட் கடையில் கணக்குப் பார்க்கிறான். அந்த மருத்துவரிடமே சிகிச்சைக்குப் போய்க் குடியை நிறுத்தினான். நடுவில் ஒருமுறை சறுக்கியபோது யாரிடமும் மறைக்காமல் தானே பேருந்து ஏறி அவரிடம் போனான். தன் விருப்பத்துக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் அதற்கப்புறம்தான் சொன்னான்.

சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறான். ஜி.ஜி.டி. முதலில் இறங்கியது. சிவப்பணுக்களின் அளவு மட்டும் அவசரப்படவில்லை. பழைய அணுக்கள் போய்ப் புதியவை வர மாதங்கள் ஆகும் என்றார் மருத்துவர். அந்த மாதங்களில் நான் அவனைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போது கூசுகிறது. அவன் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்திருக்கிறேன். கடை முதலாளியிடம் தொலைபேசியில் விசாரித்திருக்கிறேன்.

போன வாரம் முடிவு வாங்கப் போனோம். பரிசோதனைக் கூடத்துப் பெண் உறையை அவனிடம்தான் நீட்டினாள். அவன் அதைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தான்.

"நீயே பாரு. நான் குடிக்கலன்னு நேத்தே சொன்னேன். என் வாய நீ நம்ப மாட்ட, ரத்தம் சொல்லணும் உனக்கு."

உறையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வாயால் சொல்வது நம்பத் தகுந்ததல்ல என்பதை அந்தக் கட்டிலருகே அவன் காதுபடச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே. ஆனாலும் பிரித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் முறையும் படித்தேன்.

எதிரே இருந்த கடைக்கு நடந்தோம். இரண்டு காபி சொன்னான். டபராவிலிருந்து டம்ளருக்கு, டம்ளரிலிருந்து டபராவுக்கு, உயரத் தூக்கி ஆற்றினான். வேண்டுமென்றேதான் அவ்வளவு உயரம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கையத்தானே பாக்குற?" என்றான்.

"ஆமாம்பா," என்றேன்.

"பாத்துக்க," என்று சொல்லி, இன்னொரு முறை ஆற்றினான்.