கார்னர் மனை

போன வாரம் எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வடிந்த பிறகு நகராட்சி ஆட்கள் வந்து ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். ஈர மண்ணில் ஒரு வெள்ளைக் கோடு, அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனைவி மூக்கடைப்பு என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் கொஞ்ச காலம் மனை விற்றவன். வெறும் பொட்டலில் சுண்ணாம்புத் தூளால் நான்கு கோடு போட்டுவிட்டால் போதும், மனிதர்களுக்கு அதற்குள் ஹாலும் சமையலறையும் தெரிய ஆரம்பித்துவிடும். கோட்டைத் தாண்டினால் தப்பு என்பதுபோல, சுற்றிக்கொண்டு வந்து வாசல் இருக்கப்போகும் இடம் வழியாக உள்ளே நுழைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு மைக் செட் கடையில் இருந்தேன். கோயில் திருவிழாக்களில் அறிவிப்பு செய்வது என் வேலை. பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் என் குரலைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு ரசித்தாள் என்று பல பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படி யாரும் ரசிக்கவில்லை. ஆனால் குரல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தினமும் கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொள்வேன், பெரிய பாடகன் மாதிரி.

ஒரு தேர்த் திருவிழாவில் என் குரலைக் கேட்ட ஒருவர் மைக் மேடைக்கே வந்து, "இன்னாப்பா, இந்த வாய ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு வுடு" என்றார். அவர்தான் முதலாளி. திருப்போரூர் பக்கம் நிலம் வாங்கி, மனை பிரித்து நகர் போடுகிறவர். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சை வைத்தே அவர் மூன்று நகர் விற்றுவிட்டார்.

மற்ற மனைகளுக்கு நிலையான விலை, மாதத் தவணை. கார்னர் மனைகளை மட்டும் அந்த இடத்திலேயே ஏலம் விடுவார். ஏலச் சூட்டில் மற்ற மனைகளும் போய்விடும் என்பது கணக்கு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன்களில் ஜனங்களை ஏற்றி வருவோம். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, குஸ்கா. ஆனால் ஏலம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. பசித்தவன் சீக்கிரம் முடிவெடுப்பான் என்பார் முதலாளி. ஷாமியானா சாமான் ஏற்றும் வேனை ஓட்டும் செல்வம் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்து விலையை ஏற்றிவிடுவான். அவன் ஒரு வாரம் துபாய்க்காரன், மறு வாரம் அரிசி மண்டிக்காரன். முதலாளியைத் தவிர எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த நாடகம் அது. மேடையிலிருந்து அவனைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாக இருக்கும்.

ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் ஜமால் பாயும் அவர் மனைவி மும்தாஜும் இருந்தார்கள். பாய் செங்கல்பட்டு கடைத்தெருவில் பள்ளி யூனிஃபார்ம் தைப்பவர். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. வேனிலிருந்து இறங்கும்போதே மூச்சு வாங்கியது. சந்துக்குள் வாடகை வீடு, ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். டாக்டர் காற்றோட்டமான இடத்துக்குப் போகச் சொல்லியிருந்தார். கார்னர் மனை கிடைத்தால் முன்னால் தையல் கடை, பின்னால் வீடு, இரண்டு பக்கமும் காற்று. பாய் இதையெல்லாம் வழி நெடுக என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். மனைக்குப் போனதும் அந்த அம்மா முந்தானையை நன்றாகப் போர்த்திக்கொண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றாள். காற்று வீசியது. "நல்லா கீதுங்க" என்றாள் கணவரிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த நிலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டா நிலம்தான், பத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஏரியை ஒட்டிய நிலம். ஏரி நிறைந்தால் தண்ணீர் ஏறி நிற்கும் இடம். எத்தனையோ வருஷமாக ஏரி நிறையவில்லை, அதனால் அது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். முதலாளி வாங்கிய அன்றே சொல்லிவிட்டார். "வெயில் காலத்துலயே வித்துக்கினு வெளிய வந்துடணும்" என்று.

ஏலம் சூடு பிடித்திருந்தது. பாய் ஒரு விலை சொல்ல, செல்வம் ஒரு விலை சொல்ல, நான் நடுவில் நின்று இரண்டையும் உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஏரிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் அரிவாள். கூட்டத்தைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

"இங்கயா வூடு கட்டப் போறீங்க? ஏரி ரொம்புற வருஷம் கார்த்திகயில வந்து பாருங்க. இடுப்பளவு நிக்கும். எங்க மாடு இங்கதான் முழுவி செத்துது."

இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகினேன். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "கார்னர் மனை, ஒரு தரம்! கெழக்கு பார்த்த கார்னர் மனை, ஒரு தரம்!" அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தையும் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் குரல் அவ்வளவு சுத்தமாக ஒலித்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் அடங்கியதும் பாய் மேடையருகே வந்தார். மும்தாஜ் அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"தம்பி, அந்தம்மா இன்னாவோ சொல்லுச்சே, இன்னா அது?"

"அது ஒண்ணும் இல்ல பாய். மாடு ஓட்டிக்கினு போற வழிய அடச்சிட்டோம்னு சண்டைக்கு வருது."

பாய் தலையாட்டினார். மும்தாஜும் தலையாட்டினாள். இன்னும் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு செல்வம் ஒதுங்கினான். மூன்றாம் தரம் சொல்லி மனையை பாய் பெயருக்கு முடித்தேன். குஸ்காவை இலையில் வாங்கிக்கொண்டு போய், இருவரும் அந்தக் கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த வேலையில் நான் ரொம்ப நாள் இல்லை. மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். உண்மை அதுவல்ல. முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார். நான் ஒரு பெயின்ட் கடையில் கணக்கெழுதப் போனேன். பாய் வீடு கட்டியதும் கடை திறந்ததும் காதில் விழுந்தது. பல வருஷம் மழை சுமாராகவே பெய்ததால் நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. நான்காம் நாள் செல்வம் போன் செய்தான். "மச்சான், பாய் சம்சாரம் போயிடுச்சு" என்றான்.

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது தண்ணீர் வாசல்படியில் இருந்ததாம். ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குள் தொடை வரைக்கும் வந்துவிட்டது. மாடி கிடையாது. பாய் மனைவியைத் தூக்கித் துணி வெட்டும் மேசைமேல் உட்கார வைத்து, கடையில் இருந்த யூனிஃபார்ம் துணியையெல்லாம் போர்த்தியிருக்கிறார். மூச்சுக்கு இழுக்கும் மருந்து தண்ணீரோடு போய்விட்டது. கடற்கரை மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அங்கே இறக்கித் தேடிக்கொண்டு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அந்த அம்மா மேசைமேல் அப்படியே உட்கார்ந்தபடி இருந்தாளாம். பாய் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் போனேன். சுவரில் என் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பாய் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"பாய், அன்னிக்கு நான் உங்க கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும் தம்பி. நீங்க மைக்க ஏத்தறதுக்கு முன்னாடியே அந்தம்மா சொன்னது பூரா என் காதுல வுழுந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் பாய் என்னைக் கேட்டீங்க?"

"மும்தாஜும் கேட்டுட்டா. பயந்துட்டா. வேணாங்கன்னு என் கைய புடிச்சா. எனக்கு அந்த எடம் வேணும். நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சிதான் அவள வெச்சிக்கினு கேட்டேன். நீங்களும் சொன்னீங்க."

தெருவில் யாரோ நாறிப்போன மெத்தையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"போயிடுங்க தம்பி. இனிமே வராதீங்க. உங்கள பார்த்தா என்னையே பார்க்கிற மாதிரி கீது."

நான் மறுபடி போகவில்லை. அவர் வீட்டைப் பூட்டிவிட்டு கட்டிக்கொடுத்திருந்த மகளோடு இருக்கப் போனார். ஒரு வருஷத்தில் அவரும் இறந்துபோனதாகச் சொன்னார்கள். பாய் என்னை மன்னித்திருந்தால் சுமையாக இருந்திருக்கும், திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இரண்டும் செய்யவில்லை. குற்றத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். மீதிப் பாதி குறைந்தபாடில்லை.

சமீபத்தில் வேலையாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஏரிக்கரை இப்போது நாற்பதடி சாலை. வேடந்தாங்கலுக்கு வரும் நாரைகள் மழைக்காலத்தில் இந்த ஏரியிலும் இறங்கும். இப்போது இறங்க இடமில்லை. மதகு இருந்த இடத்தில் குடியிருப்போரின் கார்கள் நிற்கின்றன. பாயின் வீட்டை இடித்து மண் கொட்டி உயர்த்திவிட்டார்கள். பேங்க் கடன் அடைபடாமல் அந்த மனையும் கடைசியில் ஏலத்துக்குத்தான் போனதாம், கம்ப்யூட்டரில். கூவுவதற்கு ஆள் தேவையில்லை. வாங்கியவர் நிலத்தில் வந்து நிற்கக்கூட இல்லையாம். வந்து நின்றிருந்தாலும் புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாரும் இல்லை. மாடுகளை எப்போதோ விற்றுவிட்டு அந்த ஜனங்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் அந்த ஊருக்குப் புதியவர்கள்.