பின்கதவின் மணி

அஞ்சலை திருடவில்லை. அவளைத் திருடியாக்கியவன் நான். ஒரே ஒரு ஸ்விட்சைத் தட்டி ஆக்கினேன்!

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள். சவரம் செய்ய உட்காரும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து நானும் அதைத்தான் செய்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் எனக்குப் பரிசோதகர் வேலை. சூளையிலிருந்து இறங்கும் சாமான்களில் கோணலும் கீறலும் கண்டால் கழித்துத் தள்ள வேண்டும். மயிரிழைக் கோணலுக்கும் ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் கழித்ததெல்லாம் எங்கே போகும்? எங்கள் வீடுகளுக்குத்தான்! பிடி உடைந்த கோப்பை, சாய்ந்த தட்டு... பீங்கான் ஊர்க்காரன் பீங்கானைக் கடையில் வாங்கினால் சிரிப்பார்கள்.

திருடன் வந்தால் அடிக்க என் வீட்டு வாசற்கதவில் ஒரு மணி வைத்திருந்தேன். டார்ச் பேட்டரியில் ஓடுவது. பேட்டரி அடிக்கடி பொங்கி வழிந்தது. காற்று அடித்தால் மணியும் அடித்தது. பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்ததும், இதை மாற்றியே ஆக வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக நின்றாள். நாய் வளர்க்கலாம் என்றேன். தன்னால் ஆகாது என்றாள். மெட்ராசில் முழு செட்டாகக் கிடைக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்று நெய்வேலியிலிருந்த மைத்துனர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கா செய்யத் தெரியாது?

மணியை மட்டும் கடலூரில் வாங்கினேன். பள்ளிக்கூட மணியின் சத்தம் அதற்கு. வீட்டுக் கரண்டில் ஓடும். வாசற்கதவு, பின்கதவு இரண்டின் நிலைகளிலும் ஒவ்வொரு பீங்கான் கட்டை, அதன்மேல் இரண்டு பித்தளைத் தகடுகள். கதவு திறந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொடும், மணி அடிக்கும். மாடிப்படிக்குக் கீழே கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்விட்சுகள். கட்டைகள் இரண்டும் கழிவில் பொறுக்கியவை. சொல்லவும் வேண்டுமா?

தெருவையே கூப்பிட்டு வாசற்கதவைத் திறந்து காட்டினேன். மணி அலறியது. என் வீட்டில் பூனைகூட நுழைய முடியாது என்று மார்தட்டினேன். எல்லோரும் போன பிறகு பின்கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை! கட்டை கோணல், தகடுகள் சேரவில்லை. நாளைக்கு மாற்றலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. பகலில் அந்த ஸ்விட்சு அணைந்தே இருக்கும் என்பதால் வேறு யாருக்கும் இது தெரியாது.

மாசி மகத்தன்று குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம். புறப்படும்போது இரண்டு ஸ்விட்சுகளையும் நானே போட்டேன். திரும்பி வந்தபோது பின்கதவு நெம்பித் திறந்து கிடந்தது. பீரோவிலிருந்த மனைவியின் இரட்டை வடச் சங்கிலியைக் காணோம்.

மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் படிக்கட்டின் கீழே ஓடினேன். பின்கதவின் ஸ்விட்சு நான் போட்டபடியே இருந்தது. போட்டிருந்தும் அடிக்கவில்லை என்று தெரிந்தால்? பரிசோதகர் கழிவை மாட்டி நகையைக் கோட்டைவிட்டார் என்று ஊர் சிரிக்குமே! விரல் நீண்டது. அணைத்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்குமேல் நான் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூட்டுவலியால் வீட்டிலேயே இருந்த எதிர்வீட்டுக்காரர், நாங்கள் இல்லாத நேரத்தில் மணியே அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அப்படியானால் நான் போட்டதை அணைத்து வைத்தது யார்? நாங்கள் புறப்படும்வரை வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் அஞ்சலை. ஸ்விட்சு இருக்கும் இடமும் அவளுக்குத் தெரியும்.

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் அந்தப் பொத்தானத் தொடவே இல்லீங்க ஐயா. எம் பொண்ணு மேல சத்தியங்க."

தொடவில்லை என்று எனக்குத் தெரியாதா! தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்... சீ!

போலீசுக்குப் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். போலீஸ் வந்தால் கதவைப் பார்க்கும், கட்டையைக் கழற்றும். "ஏழை வயிறு, போகட்டும் விடுங்க" என்றேன். தங்கமான மனுஷன் என்றது தெரு. அந்த வாரமே நல்ல கட்டையாக ஒன்றை மாட்டினேன். கோணல் கட்டையை நொறுக்கிக் கிணற்றில் போட்டேன்.

அஞ்சலையை எந்த வீட்டிலும் பாத்திரம் தொட விடவில்லை. மகளோடு ஊரைவிட்டே போய்விட்டாள். என் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் எழுந்து போய்விடுவேன். இளகிய மனசு என்று அதற்கும் மனைவி ஒரு பெயர் வைத்தாள்.

சில வருடங்கள் கழித்து வேப்பூரில் பஸ் மாறுவதற்காக இறங்கினேன். சாலையோர ஹோட்டலில் டீ சொன்னேன். எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அஞ்சலை! ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். தை மாசம் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். "அன்னிக்கி நீங்க மட்டும் போலீசுக்குப் போயிருந்தா, எம் பொண்ண யாருங்க கட்டியிருப்பாங்க? நான் எடுக்கலன்னு நீங்க ஒருத்தராச்சும் நம்புனீங்களே..."

குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இழுத்துக்கொள்ள என் கால் நகரவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். "உடம்பைப் பார்த்துக்கோ" என்றேன்.

அவள் கல்லாப் பக்கம் திரும்பி, அந்த டீ தன் கணக்கில் இருக்கட்டும் என்று முதலாளியிடம் சொன்னாள். பிறகு டீயைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்து, நான் குடிப்பதைப் பார்த்தபடி நின்றாள்.

குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.