417-ஆம் தகடு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பட்டப்பெயர் 'ஆராய்ச்சி'. பின்னே என்ன? கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து தோட்டக் கூலியாகக் கப்பலேறினார் என்று ஒன்பது வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிற மனுஷனை வேறெப்படிக் கூப்பிடுவது! லீவு கிடைத்தால் ஆள் ஆவணக் காப்பகத்தில்தான். கையிலிருந்த ஒரே துப்பு, கொள்ளுத்தாத்தா கழுத்தில் மாட்டி வந்த தகரத் தகடு. அதில் 417 என்று அடித்திருந்தது.

கண்டும் பிடித்துவிட்டார். பழைய பயணிகள் பட்டியலின் டைப் அடித்த பிரதியில் 417க்கு நேரே பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருந்தன. அந்த ஊருக்குக் கடிதம் போட்டார். அங்கே ஒரு குடும்பமே அந்த ஆளை மூன்று தலைமுறையாகத் தேடிக்கொண்டிருந்ததாம்! அந்த வீட்டு ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தி இவருக்கு அக்கா முறையானாள். ஞாயிறு தவறாமல் போன். "தம்பி, சாப்டியா? முழங்கால் வலி தேவலையா?" கூடப்பிறந்தவர் எவருமில்லாத மெக்கானிக்குக்கு அந்தக் குரல் என்றால் உயிர். அடுத்த மாதம் போய்ப் பார்க்க டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அக்காவுக்குக் காட்ட அசல் பதிவேட்டையே போட்டோ எடுப்போமென்று போனாரே, அங்கேதான் பிடித்தது சனி. 417-ஆம் வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'முகாமில் காய்ச்சலில் இறந்தார். எண் வேறு ஆளுக்கு.'

"அப்பல்லாம் அப்படித்தான் சார்," என்றார் காப்பகக் குமாஸ்தா. "கப்பல்ல தலை குறையக்கூடாது. ஏறறதுக்கு முன்னாடி ஒருத்தன் செத்தா, வாசல்ல நிக்கிற இன்னொருத்தன் கழுத்துல அதே தகட்ட மாட்டிடுவாங்க. டைப் அடிச்சவங்க ஓரத்துல இருந்தத விட்டுட்டாங்க போல."

"அந்த இன்னொருத்தன் பேரு?"

"எழுதலையே சார்."

மெக்கானிக் பதிவேட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று மூன்று நாள் தவித்தார். அவர்கள் வீட்டு ஆளின் சாவை எப்படி மறைப்பது? ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. "அப்போ எங்க ஆளு கப்பலே ஏறலையா? ஒருத்தர்கூட சொல்லி அனுப்பலையே, பாவிங்க."

இவரும் அழுதார். அப்புறம் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அப்போ நீங்க யாரு?"

"தெரியலைங்க," என்றார் மெக்கானிக். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.