எழுந்திருக்காத பதினைந்து ஓவர்

உலகக் கிண்ணத்தைப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: இந்த முறையும் நாம் வெல்லப்போவதில்லை. போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே இதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கண்டியில் நான் எழுதுவினைஞராக வேலை செய்யும் அலுவலகத்தில் இதற்காக என்னைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் முதல் பந்து வீசப்பட்டதும் அங்கே எல்லோரையும்விட அதிகமாக நம்புகிறவன் நான்தான். ஏழு விக்கெட் போன பிறகும், எட்டாவதாக வருகிறவன் பள்ளிக்கூடக் காலத்தில் சதம் அடித்தவன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த வியாதிக்கு மருந்து இல்லை.

லீக் போட்டிகள் எனக்கு ஆகாது. நம் நாட்டு லீக்கில் கண்டிக்கும் ஓர் அணி உண்டு. முதலாளி மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் சட்டையின் நிறமும் மாறும். பல்லேகல மைதானத்துக்கு வெளியே ஆசையாக ஒரு சட்டை வாங்கினேன். அடுத்த வருடம் அதைப் போட்டுக்கொண்டு போனபோது பக்கத்தில் இருந்தவர் என்னை எதிரணிக்காரன் என்று நினைத்துவிட்டார். இப்போது அந்தச் சட்டையால் பைக் துடைக்கிறேன். அயல்நாட்டு லீக் இன்னும் மோசம். நேற்று நம் அணித்தலைவரின் குச்சியைப் பறக்கவிட்டவனும் நம் தலைவரும் இன்று ஒரே சட்டையில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாத ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

என் அண்ணனுக்கு லீக் என்றால் உயிர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நாங்கள் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் முதலில் வத்தேகமவுக்கு இறங்கி ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாத நான் இன்றுவரை அவர் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர்தான்.

லீக்கை நான் கிண்டல் செய்த ஒரு நாள் அண்ணன் சொன்னார். “லீக்குல யாரும் நம்மள நீ எந்தப் பக்கம்னு கேக்க மாட்டாங்கடா. அதுக்காகவே பாக்கலாம்.”

அப்போது சிரித்தேன், ஆனாலும் அவர் சொன்னது சரிதான். இந்தியாவும் இலங்கையும் மோதுகிற நாளில் அலுவலகத்தில் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்து, “இன்றைக்கு உங்களுக்குச் சந்தோஷமான நாள், உங்கள் இரண்டு நாட்டில் எப்படியும் ஒன்று ஜெயிக்கும்” என்று சிங்களத்தில் சொல்லாமல் போவதில்லை. நல்ல மனிதர்கள்தான், விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள். இலங்கை அணிக்காக மூன்று தடவை பட்டினி கிடந்த நான் பதிலுக்கு ஒரு சிரிப்பைச் சிரித்துவைப்பேன். அண்ணனின் கடையிலும் இதே கதை நடந்திருக்கும். லீக்கில் இலங்கைப் பந்துவீச்சாளன் ஒருவன் சென்னைக்கு ஆடினால் அவர் இரண்டு கையையும் தட்டலாம், கேட்பாரில்லை.

லீக்கில் சண்டை போட்டாலும் உலகக் கிண்ணத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. நம் ஆட்கள் துடுப்பெடுத்தாடும்போது இரண்டு பேர் நிலைத்து நின்று ஓர் இணைப்பாட்டம் அமைந்துவிட்டால், அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். விக்கெட் விழும்வரை எழுந்திருக்கக் கூடாது. கால் மடித்திருந்தால் மடித்தபடி, தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்தால் கையில். அண்ணனுக்கு ஜன்னலோரத்துக் கதிரை, எனக்கு அலுமாரிக்கு முன்னால் தரை. தோட்டத்தில் ஒரே டிவியை நாற்பது பேர் சுற்றியிருந்து பார்த்த காலத்தில் பழகிய பழக்கம் அது. அங்கே ஒருவன் எழுந்து வெளியே போய், அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தால், அவன் உள்ளே வரும்போது முதுகில் நாலு விழும்.

அண்ணிக்குத் தனிச் சட்டம். எப்போதோ ஓர் ஆட்டத்தில் அவர் அடுப்படியிலிருந்து தட்டில் கடலையோடு உள்ளே வந்தார், ஒரே ஓவரில் மூன்று விக்கெட் போனது. அன்றைக்கு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, “தாயே, நீ குசினியிலயே இரு” என்றார். எல்லோரும் சிரித்தோம், அண்ணியும் சிரித்தார். அதன் பிறகு உலகக் கிண்ண நாட்களில் அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை. கடலைத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். கையை நீட்டி எட்டி எடுத்துக்கொள்வோம்.

போன ஐம்பது ஓவர் உலகக் கிண்ணத்தில் நாங்கள் வென்றே ஆகவேண்டிய ஓர் ஆட்டம் வந்தது. ஆட்டம் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் அண்ணனுக்குக் கடை இல்லை, எனக்கு அலுவலகம் இல்லை. நம் ஆட்கள் முதலில் துடுப்பெடுத்தாடி, வழக்கம்போல மளமளவென்று மூன்று விக்கெட்டைக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு பேர் நின்றார்கள். நாங்களும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டோம்.

இருபத்திரண்டாவது ஓவர். அண்ணன் வலது கையை உதறிக்கொண்டே, “கை மரத்துப்போச்சுடா” என்றார்.

“கதிரக் கைப்பிடில வச்சிருந்திருப்பீங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பேசினார். “ஒரு மாதிரியா இருக்குடா. கொஞ்சம் போய்ப் படுக்கிறேன்.” கதிரை நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. டிவியில் கண்ணை வைத்தபடியே கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து இரண்டு தரம் அழுத்திக் காட்டினேன். இருங்க என்று அர்த்தம். “அண்ணே, எந்திரிக்காதீங்க. இப்பத்தான் செட் ஆகியிருக்காங்க” என்றும் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்காக உட்கார்ந்தாரா, அணிக்காகவா, தெரியாது.

முப்பத்தேழாவது ஓவரில்தான் அந்த விக்கெட் விழுந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு வேனில் கண்டிக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், கை மரத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார். எனக்கு மணி தெரியவில்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் நான் கடிகாரத்தையே பார்க்கவில்லை. “இருபத்திரண்டாவது ஓவர்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. விரலால் கணக்குப் போட்டு, “அப்படியானால் மூன்றரை மணி இருக்கும்” என்று சிங்களத்தில் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார், “உடனே ஏன் கூட்டி வரவில்லை?”

சும்மா மரத்துப்போனது என்று நினைத்தோம், என்றேன். பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். முந்தானையைக் கடித்துக்கொண்டு, “நான் ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாம். குசினியில இருந்துட்டேன்” என்று அழுதார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்றைய ஆட்டத்திலும் தோற்றோம் என்பதை மறுநாள் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பாரிசவாதம் என்றார்கள். அண்ணன் உயிரோடு வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ‘ஆ’ என்ற ஒரு சத்தம்தான் பசிக்கும் வலிக்கும் கோபத்துக்கும். நேரத்தோடு வந்திருந்தால் நன்றாகியிருப்பாரா என்று பிறகொரு நாள் டாக்டரைத் தனியாகக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மனுஷன் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் அண்ணியும் நானும் அவரைத் தூக்கி ஜன்னலோரத்துக் கதிரையில் உட்காரவைப்போம். லீக் வந்தால் லீக் போடுவேன். நானும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன், எந்த அணியில் யார் என்பதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். நல்ல சிக்ஸர் ஒன்று பறந்தால் அண்ணன் இடது கையால் தொடையில் தட்டுவார். லீக் இன்னும் இரண்டு மாதம் கூடுதலாக நடந்தால் என்ன என்று தோன்றுகிறது. முன்பு திட்டியதற்கெல்லாம் வெட்கப்படுகிறேன்.

அண்ணி மட்டும் மாறாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், “நான் குசினியில இருந்துட்டேன், எட்டிப் பாக்கல” என்பார். கோயிலுக்குப் போனாலும் அதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவேன். நான் செய்ததை அவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, மூன்று வேளையும் அவர் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் வாழ முடியாது. நாளைக்குச் சொல்வோம், அண்ணன் கொஞ்சம் தேறட்டும், நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அண்ணன். அவருக்குப் பேச்சு வராதது எனக்கு வசதியாக இருந்தது. அந்த எண்ணமும் என் மனதில் வந்திருக்கிறது, மறைக்கவில்லை.

இந்த முறை இருபது ஓவர் உலகக் கிண்ணம் வந்தது. முதல் தடவையாக, நாம் வெல்லப்போவதில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம் நடந்தது. நம் ஆட்கள் இரண்டு பேர் நன்றாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. நான் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

“ஆ” என்றார் அண்ணன்.

திரும்பினேன். இடது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இரண்டு தரம் கீழே அழுத்திக் காட்டினார். கண் டிவியில் இருந்தது.

அவர் சட்டத்தைச் சொன்னாரா, அன்றைக்கு நான் செய்ததைச் சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பக்கம் செத்த முகத்தில் எதைப் படிப்பது? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை உள்ளங்கையில் வியர்வையில் ஊறியது. ஓர் ஓவர் போனது, இன்னொன்றும் போனது. விக்கெட் விழவில்லை, நான் எழுந்திருக்கவும் இல்லை.

அண்ணி கடலைத் தட்டோடு வாசற்படிக்கு வந்தார். “தம்பி, மாத்திரை குடுத்தாச்சா?”

நான் கையை விரித்துக் காட்டினேன். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். எனக்குத் தெரிந்து உலகக் கிண்ண ஆட்டம் ஓடும்போது அவர் அந்த அறையில் கால் வைத்தது, அந்தக் கடலைத் தட்டு நாளுக்குப் பிறகு, அண்ணனைத் தூக்க ஓடிவந்ததை விட்டால், அன்றைக்குத்தான். என் கையிலிருந்து மாத்திரையை எடுத்து, துடைத்து, அண்ணனின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

நான் டிவியைப் பார்த்தேன். பந்துவீச்சாளன் ஓடிவந்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது, நான்கு ஓட்டம். அடுத்த பந்தில் ஒன்று, அதற்கடுத்ததில் இரண்டு. அண்ணி அறையின் நடுவிலேயே நின்றிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

“அண்ணி,” என்றேன். “அன்னைக்கு அண்ணே எந்திரிச்சுப் படுக்கப் போறேன்னாரு. நாந்தான் எந்திரிக்க வேணாம்னு சொன்னேன். அதுக்கப்புறம் பதினஞ்சு ஓவர் திரும்பிப் பாக்கவே இல்ல.”

அண்ணி அண்ணனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“தெரியும் தம்பி. வீட்டுக்கு வந்த மொத மாசமே அவரு இந்தக் கையாலயே காட்டிட்டாரு.” துணியை மடித்தார். “நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆளுங்க வர்றப்பவெல்லாம் நாங் குசினியில இருந்தேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருக்காவது குறுக்க பேசுவீங்கன்னு பாத்தேன். எந்திரிச்சுப் போயிட்டீங்க.”

அவர் குசினிக்குத் திரும்பவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து அண்ணனின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, டிவியைப் பார்க்கத் தொடங்கினார். மூன்று பேரும் பார்த்தோம். நம் ஆட்கள் அடித்துக்கொண்டே போனார்கள். அண்ணி அந்த அறையில் இருந்தார், ஓவருக்கு மேல் ஓவர் போனது, இணைப்பாட்டம் உடையவில்லை. எங்கள் சட்டம் ஒவ்வொரு பந்திலும் பொய்யாகிக்கொண்டிருந்தது. அண்ணன் தொடையில் தட்டினார். பிறந்ததிலிருந்து இலங்கைக்காகக் கத்திய நான் அன்றைக்கு, கடவுளே, ஒரே ஒரு விக்கெட்டாவது விழட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.