ச்சாவ் சொல்லாமல் போக முடியாது

"தேப்பன் குசினியில நிண்டு வேகிற பாஷையை மகள் கம்பஸில படிக்கிறாளாம். படிச்சு என்னத்தைக் காணப்போறாள்?" என்று ஓர் அன்ரி அம்மாவிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இத்தாலியன் மொழியைப் பாடமாக எடுத்ததற்கு யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

நாங்கள் குடியேறிய மில்லிக்கனில் ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவின் மூலையில் இருந்த இத்தாலிய உணவகத்தில் அப்பா சமைத்தார். சனி ஞாயிறுகளில் நான் அங்கே கோப்பை கழுவினேன். செஃப் கோபம் வந்தால் தாச்சிச் சட்டியை எறிவான். ஒருமுறை கூட வேலை செய்த ஒருவரின் பிடரியைப் பிடித்து, கொதிக்கும் பானைக்கு மேல் அமுக்கி, பாஸ்தா வெந்துவிட்டதா பார் என்றான். நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

வேலை முடிந்து போகிறவர் "ச்சாவ், செஃப்" என்று சொல்ல வேண்டும். அவன் திருப்பிச் சொன்னால்தான் போகலாம். கோபமென்றால் சொல்லமாட்டான். அந்தக் குசினியில் வேலை செய்த எங்கள் தமிழ் ஆட்கள் ஜாக்கெட்டைப் போட்டபடி வாசலில் நிற்பார்கள். வீட்டிலும் "போட்டு வாறன்" என்று சொல்லி, "ஓம்" என்ற பதில் கேட்டுத்தான் படி இறங்குகிற சனம்.

அந்த ஞாயிறு மத்தியானம் சோஸ் அடிப்பிடித்தது. செஃப் அடுப்பில் கிடந்த இடுக்கியை எடுத்து அப்பாவின் முன்கையில் வைத்து அழுத்தினான். தோல் இடுக்கியோடு உரிந்து வந்தது. அப்பா ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், "ச்சாவ், செஃப்" என்றார். அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். அப்பா நின்றார். நான் அவருடைய மற்றக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

காரில் சொன்னேன்: "அப்பா, உது வெனிஸ் பக்கத்துச் சொல். 'நான் உங்கட அடிமை' எண்டு பணிஞ்சு சொன்னது தேய்ஞ்சு ச்சாவ் ஆனது. இப்ப சிநேகிதருக்குள்ள வரேக்கையும் போகேக்கையும் சொல்லுவினம். ஒருத்தரும் ஒருத்தரையும் நிப்பாட்டி வைக்கிறேல்ல."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "அவனும் திருப்பிச் சொல்லுறவன்தானே. அப்ப, பிள்ளை, ஆர் ஆருக்கு அடிமை?"

"நீங்கள் அவனைச் சுடேல்லையே."

கொஞ்சத் தூரம் போனபின், "ஆஸ்பத்திரியில எண்ணெய் தெறிச்சதெண்டு சொல்லு," என்றார். "வேலை போயிடும்."

அவசரப் பிரிவில் தாதி என்ன நடந்தது என்று கேட்டார். "ஒயில்..." என்று அப்பா தொடங்கினார். நான் இடைமறித்து, செஃப் இடுக்கியால் சுட்டான் என்றேன். பொலிஸைக் கூப்பிடச் சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கையை நீட்டி, துணியைத் தானே அவிழ்த்தார்.

பொலிஸ்காரி வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன்.