தண்ணீர் கலக்காத கிளாஸ்

ஹங்கேரியக் கிராமமொன்றில் தேனீ வளர்த்துப் பிழைத்த கிசெல்லாவுக்கு, அந்த வசந்தத்தில் பெட்டிகளை வைக்க வேறு இடம் இல்லை. தேன் மிகுந்த பூக்கள் பூக்கும் தன் அகாசியா மரத் தோப்பை அதற்குத் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்த வெண்டெல், பூக்கும் காலம் நெருங்கியதும் அதை வேறொருவருக்குப் பேசிவிட்டார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. கிசெல்லா சிறுவழக்கு நீதிமன்றத்தின் படியேறினாள்.

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம் ஐயா, எதுவும் முடிவாகல," என்றார் வெண்டெல்.

"இவரு எதைத்தான் முழுசா குடுத்தாரு? தோப்பைப் பத்திப் பேசுன அன்னைக்கு ஊத்துன சாராயத்துலயே பாதி தண்ணி," என்றாள் கிசெல்லா.

வெண்டெல் துள்ளி எழுந்தார். "வாய அடக்கு கிசெல்லா! ரெண்டு தடவை வடிச்ச பிளம் சாராயம் அது. பேரம் முடிச்சு ஊத்துற கிளாஸுல எங்க வீட்டுல எவனும் தண்ணி கலந்ததில்ல!"

நீதிபதியும் ஹங்கேரியக் கிராமத்துக்காரர்தான். பேரம் படிந்து கைகுலுக்கிய பிறகே அந்தக் கிளாஸ் நிரம்பும் என்பது அவருக்குத் தெரியாதா?

"அப்போ பேரம் முடிஞ்சுதுன்னு நீங்களே சொல்றீங்க," என்றார்.

வெண்டெல் உட்கார்ந்தார். தோப்பு அந்தப் பூக்காலம் முழுவதும் கிசெல்லாவுக்கே என்று தீர்ப்பாயிற்று.

வாசலில் வெண்டெல் அவளை மறித்தார். "உண்மையச் சொல்லு, அதுல தண்ணியா இருந்துச்சு?"

"சுத்தமான சரக்கு அண்ணே. நாளைக்குப் பெட்டிகளோட வர்றேன், இன்னொரு கிளாஸ் எடுத்து வைங்க."